யார் பாடியது என்று சொல்லுங்கள்

(திருப்பூரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, மாவரைக்க, தூங்க என்று வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். அதில் இரண்டு மணி நேரத்தை இங்கே கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்கிவிடுகிறேன்.

'புதிய நாட்டுப்புற இசையும் வானொலியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். நாட்டுப்புறப் பாட்டு என்றால் பழையது, பாட்டிமார் பாடுவது, பொங்கலன்று காலையில் கடமைக்கு ஒரு மணி நேரம் ஒலிபரப்புவது. அதில் என்ன 'புதிய வெளியீடு' வந்துவிடப் போகிறது?

இன்றைக்கு நிலைமை வேறு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்ற சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. மறு ஆண்டு அது மதுரைக்கும் நம் பக்கத்து ஊரான கோவைக்கும் வந்தது. 2021 பிப்ரவரியில் 'கர்ணன்' படத்துக்கு முதலில் வெளியிட்ட பாட்டே கிடாக்குழி மாரியம்மாள் குரலில் வந்தது. அடுத்த மாதம் 'என்ஜாய் எஞ்சாமி'. அதற்குப் பிறகு எந்தப் பெரிய படத்துக்கும் ஒரு 'கிராமத்துப் பாட்டு' கட்டாயம் என்றாகிவிட்டது.

என் முனைவர் பட்ட ஆய்வு, பனியன் தொழிலாளர்கள் வேலையிடத்தில் எதைக் கேட்கிறார்கள், எதைப் பாடுகிறார்கள் என்பதைப் பற்றியது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. ஆனால் ஊருக்குள் பத்துப் பதினைந்து மெஷின் போட்ட பவர் டேபிள்களில் ஸ்பீக்கர் இல்லாத இடம் குறைவு. கோவையிலிருந்து வரும் எஃப்.எம்.கள்தான் அங்கே நாள் முழுவதும். ஓவர்லாக் சத்தத்தை மீறிக் காதில் விழ வேண்டுமென்றால் தாளம் தூக்கலாக இருக்க வேண்டும். பறையும் பம்பையும் கலந்த பாட்டு அங்கே நன்றாக எடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை நான் எந்த ஆய்வு நூலிலும் படிக்கவில்லை. ஒரு சிங்கர் டெய்லர் அண்ணன் சொன்னது.

இதெல்லாம் மகிழ்ச்சிதான். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு வருகிறது. பாட்டோடு யார் பெயர் வருகிறது?

வானொலியிலிருந்து வருகிறேன். இந்திய வானொலியின் வரலாறு என்பது யாரை உள்ளே விடுவது, யாரை வாசலில் நிறுத்துவது என்பதன் வரலாறும்கூட. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடை தளர 1971 வரை ஆனது. கூத்துக் கொட்டகையிலும் தெருவிலும் நம் ஆட்கள் வைத்துப் பாடியது அதே பெட்டியைத்தான். 1940களில் வல்லபாய் படேல் அந்தத் துறையைக் கையில் வைத்திருந்தபோது, 'ஒழுக்கம்' என்ற அளவுகோலைக் காட்டிப் பரம்பரைப் பாடகிகள் பலர் ஒலிபரப்பிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1952இல் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை வெளியேற்றினார். சனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். வேறு வழியில்லாமல் 1957இல் விவித் பாரதி வந்தது.

தமிழ்நாட்டில் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனை மட்டும்தானா என்று கேட்ட அந்தக் கேள்வி நியாயமானது. பெரியார் அதை ஆதரித்தார். வானொலியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. ஆனால் அந்தத் 'தமிழ்ப் பாட்டு' என்ற சொல்லுக்குள் எது இருந்தது என்று பாருங்கள். தேவாரம் இருந்தது, கீர்த்தனை இருந்தது, பதம் இருந்தது. ஒப்பாரி இல்லை. பறை இல்லை. மொழிக்குக் கதவு திறந்தது, சேரிக்குத் திறக்கவில்லை.

நம் பாட்டுக்கு வானொலி ஒரு தனி அறை கட்டிக்கொடுத்தது. அறையின் பெயர் 'கிராமிய இசை'. கர்நாடக இசைக்குப் போலவே இதற்கும் குரல் தேர்வு உண்டு, தரம் பிரிப்பதும் உண்டு. நாற்று நட்டுக்கொண்டே பாடியவரை மூடிய அறையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, நேரத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். அந்த அறைக்குள் நுழைந்துதான் கொல்லங்குடி கருப்பாயி போன்றவர்கள் ஊருக்கு வெளியே தெரிய வந்தார்கள். வானொலியில் பாடிக்கொண்டிருந்த அவரை 1985இல் 'ஆண்பாவம்' படத்துக்குக் கொண்டுபோனார்கள். சினிமாவில் நடித்த பிறகுதான் அவரை எல்லோருக்கும் தெரிந்தது என்பது வேறு விஷயம்.

அரசு வானொலியை நான் இவ்வளவு குறை சொன்னாலும் அதனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பெயர் சொல்வார்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலில் அந்தப் பெயர்களைக் கேட்டே பாடகர்களை அடையாளம் கண்டுகொண்ட ஒரு தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. என் அம்மா கைமடியாக வேலைக்குச் சேர்ந்து செக்கிங் வரை வந்தவர், எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். எந்தப் பழைய பாட்டைக் கேட்டாலும் எழுதியது யார் என்று சொல்லிவிடுவார். அது அவருக்கு வானொலி கொடுத்த படிப்பு.

தனியார் எஃப்.எம். வந்தபோது முதலில் வெட்டப்பட்டது இந்தப் பெயர்கள்தான். பெயர் சொல்லும் நேரத்தில் ஒரு விளம்பரம் போடலாம் அல்லவா? இப்போது நடிகர் பெயர் வருகிறது, படத்தின் பெயர் வருகிறது, ஆர்.ஜே. பெயர் பத்து முறை வருகிறது. நாட்டுப்புறப் பாட்டாக இருந்தால் 'செம குத்து' என்று ஒரு அடைமொழி.

'என்ஜாய் எஞ்சாமி'க்கு வருகிறேன். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும் வரிசையாக ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்டது. தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. அந்தப் பாட்டின் கருவில் இருக்கும் வள்ளியம்மாள் அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். கண்டனம் வலுத்த பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் மேடையில் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். அதன் பிறகு, அந்தப் பாட்டில் தன் உழைப்பு என்ன என்று அறிவு எழுதினார். அறிவுக்கு உரிய இடத்தை எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறோம் என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொன்று சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று.

இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்குப் படுவது இது. பல கோடி முறை கேட்கப்பட்ட ஒரு பாட்டு. எழுதியவரின் பெயர் தெரியும், படித்தவர், பேசத் தெரிந்தவர், பின்னால் ஓர் இயக்கமே நிற்கிறது. அவர் பெயரே அட்டையிலிருந்து நழுவ முடிகிறது என்றால், பெயரே எழுதி வைக்கப்படாத ஒருவரின் கதி என்ன? இன்னொன்று. அந்த விவாதம் முழுக்க இரண்டு மூன்று பெயர்களைச் சுற்றியே ஓடியது. மேடையில் நின்று பாடிய மாரியம்மாளிடம் யாரும் பெரிதாக எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காங்கேயம் பக்கம் ஓர் ஊரில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவைச் சந்தித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் 'கிராமத்துப் பாட்டுச் சேகரிக்கிறோம்' என்று காரில் வந்தவர்கள் அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். முந்நூறு ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தார்கள். பிறகு பேரன் போனில் ஒரு நாள் அந்தப் பாட்டு வந்தது. கீழே கிட்டார், பின்னால் டிரம்ஸ், நடுவில் இவர் குரல். எங்கேயும் இவர் பெயர் இல்லை. 'மரபுப் பாடல்' என்று மட்டும் இருந்தது. அவர் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டும் எங்கம்மா பாட்டு, கொரலும் என்ற கொரலு. பேரு மட்டும் எங்கியோ போயிருச்சு கண்ணு."

'மரபுப் பாடல்' என்ற சொல்லைக் கேட்டால் கௌரவமாக இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் முக்கியமான திருத்தம் வந்தது. அதன்படி பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமத் தொகைப் பங்கை ஒலிபரப்பு போன்றவற்றில் முழுவதும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாடியவருக்கும், அவர் குரல் வணிகமாகும்போது பங்கு கேட்கும் உரிமை வந்தது. நல்ல திருத்தம். ஆனால் 'மரபு' என்று எழுதிவிட்டால் பாடலாசிரியர் என்று யாரும் இல்லை. மெட்டமைத்தவர் என்றும் யாரும் இல்லை. இசைக் கோர்ப்பு செய்தவர் பெயர் பதிவாகும், வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் பதிவாகும். பாடியவர் மட்டும் மிச்சம். அவர் பெயரும் பதிவாகவில்லை என்றால் பங்கைக் கொண்டுபோய் எந்த வாசலில் கொடுப்பது? பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு இது உடனே புரியும். நோட்டில் பெயர் எழுதாத பீஸுக்குச் சனிக்கிழமை கூலி வராது.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அதை இங்கே பக்கத்திலேயே, விடுதிகளில் இருக்கும் ஒடிசாத் தோழர்களிடம்தான் தெரிந்துகொண்டேன். 'ரங்கபதி' என்ற சம்பல்புரிப் பாட்டு. மேற்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தால் அந்தப் பாட்டு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது. 1970களில் அகில இந்திய வானொலிக்காகப் பதிவானது. எழுதியவர் மித்ரபானு கௌந்தியா, இசை பிரபுதத்த பிரதான், பாடியவர்கள் ஜிதேந்திர ஹரிபாலும் கிருஷ்ணா பட்டேலும். ஹரிபால் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஊரெல்லாம் அவர் பாட்டு ஓடியபோதும் நெடுங்காலம் வறுமையில் வாழ்ந்தார். 2017இல்தான் பத்மஸ்ரீ வந்தது. 2015இல் ஒரு பெரிய தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி இந்தப் பாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது கௌந்தியாவும் பிரதானும் சட்ட அறிவிக்கை அனுப்பினார்கள். ஏன் அனுப்ப முடிந்தது? 'நாட்டுப்புறப் பாடல்' என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பாட்டுக்கு எழுதியவர் இருந்தார், மெட்டமைத்தவர் இருந்தார், அது பதிவில் இருந்தது. ஹரிபாலின் வறுமை அதனால் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பெயர் இருந்தும் பாதிதான் கிடைத்தது. பெயர் இல்லாவிட்டால் அந்தப் பாதியும் இல்லை.

நம் மண்ணிலும் பெயர் எழுதி வைத்த ஒருவர் இருந்தார். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1960களின் நடுவில் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் பாடியவர் பெயர் ராமசாமி. அவர் பெயர் நூலில் இருக்கிறது. அதே கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் துணையாக வரும் சாம்புவன், முரசடிக்கும் சாதியைச் சேர்ந்தவன். கதை நாயகர்களுக்குக் கோயில் பெரிதாகிக்கொண்டே போகிறது. சாம்புவனின் வாரிசுகள் அந்தக் கோயில் நோன்பியில் எங்கே நின்று அடிக்கிறார்கள் என்பதை நீங்களே அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பறை.

நம் கூட்டங்களில் பறை முழங்குகிறது. கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறு தோறும் பயிற்சிக்குப் போகிறார்கள். வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்து நாடு நாடாகப் போய் வந்தார்கள். உடுமலை சங்கர் கொலைக்குப் பிறகு கௌசல்யா பறை கற்றுக்கொண்டு மேடையேறியதை நாம் பார்த்தோம். இது எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. கே.ஏ. குணசேகரன் 'மனுசங்கடா' பாடியபோது உடல் சிலிர்த்தவர்கள் இந்த அறையிலேயே இருப்பார்கள். இன்குலாபின் அந்தக் கவிதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல்.

ஆனால் அவிநாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அருந்ததியர் குடும்பம். அப்பா சாவுக்கும் நோன்பிக்கும் மோளம் அடித்தவர். கூப்பிட்டால் போக வேண்டும், போகாவிட்டால் தோட்டத்து வேலை இல்லை. மகள் டிகிரி முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறார். ஒரு பறைப் பயிற்சி முகாமுக்கு வருகிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். அவர் கேட்டது: "எங்கப்பன் அதைக் கீழ வெக்கறதுக்கு முப்பது வருசம் ஆச்சு. நான் எதுக்குங்க மறுபடியும் தூக்கணும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேவையும் இல்லை என்று நினைக்கிறேன். பறையடிக்க மாட்டோம் என்று கருவியைக் கீழே வைத்த போராட்டமும் சாதி ஒழிப்பு வரலாறுதான். அதை எடுத்து மேடையில் முழங்கியதும் அதே வரலாறுதான். இரண்டையும் முடிவு செய்ய வேண்டியது அடித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். எஃப்.எம்.மில் வரும் புதிய பாட்டில் பறை ஒலிக்கிறது. இசைத் தயாரிப்பாளரின் கணினியில் அது நான்கு விநாடித் துண்டாக இருக்கிறது, 'கிராமியத் தாளம்' என்ற ஏதோ ஒரு கோப்பில். அந்த நான்கு விநாடியை அடித்த கை எந்த ஊர்க் கை? அந்தக் கைக்கு இன்னும் அதே ஊர் டீக்கடையில் தனி டம்ளரா? பாட்டு ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது சாதி கழன்று விழுகிறது. அடித்தவர் ஊருக்குத் திரும்பும்போது அது அப்படியே வாசலில் காத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நம் கொங்கு வட்டாரத்தில் நடக்கிறது. அதைப் பேசாமல் இந்தத் தலைப்பைத் திருப்பூரில் பேசுவதில் பொருளில்லை.

வள்ளி கும்மி. அழகான ஆட்டம், நல்ல மெட்டுகள். ஆண்கள் மட்டுமே ஆடிக்கொண்டிருந்ததில் பெண்களைக் கொண்டுவந்ததற்காகக் கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது நியாயமான மரியாதை. இன்று ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஆடி உலக சாதனை படைக்கிறார்கள். புதிய கும்மிப் பாட்டுகள் வாராவாரம் இணையத்தில் வெளியாகின்றன. பவர் டேபிள் ஸ்பீக்கரில்கூடக் கேட்டிருக்கிறேன். நாட்டுப்புற இசையின் மறுமலர்ச்சி என்று சொன்னால் கொங்கில் மிகப் பெரிய மறுமலர்ச்சி இதுதான்.

அந்த அரங்கேற்ற மேடை ஒன்றில், சொந்தச் சாதியில்தான் திருமணம் செய்துகொள்வோம் என்று இளம்பெண்களைச் சத்தியம் செய்ய வைத்த காணொளி வெளிவந்து பெரும் சர்ச்சையானதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு அறிவிக்கப்பட்ட கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வேட்பாளர், சாதி மறுப்புத் திருமணத்துக்கு எதிராகப் பேசிய பழைய காணொளி பரவிய பிறகு மாற்றப்பட்டார். கும்மி எல்லா ஊரிலும் இதற்காகத்தான் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வேலை முடித்து வந்து ஆடுகிற பெண்களுக்கு அது ஒரு மணி நேர விடுதலை என்பதும் எனக்குத் தெரியும். அந்த விடுதலையைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் கை நீட்டி என்ன வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கும்மி சொல்லும் கதை என்ன? வள்ளி வேடர் குலத் தலைவன் நம்பிராசன் வளர்த்த பெண். தினைப்புனம் காத்தவள். முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், வீட்டுக்குத் தெரியாமல் அவளை அழைத்துப் போகிறான். களவு மணம். இன்றைய மொழியில் சொன்னால் ஓடிப்போன கல்யாணம், அதுவும் குலம் விட்டுக் குலம். மூன்று மணி நேரம் அந்தக் காதலைப் பாடி ஆடிவிட்டு, முடிவில் அப்படிக் காதலிக்க மாட்டேன் என்று சத்தியம்! கந்தபுராணத்தை நம்பாத நமக்கே இது தாங்கவில்லை.

2015இல் கோகுல்ராஜ் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கொல்லப்பட்டார். 2022இல் யுவராஜ் உள்ளிட்டோருக்கு மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை வழங்கியது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016 மார்ச் 13 அன்று, நம் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். அங்கே கொலை செய்யச் சொன்ன சாதி வேறு. சத்தியம் ஒன்றுதான். ஆகவே மேடையில் ஒரு பாட்டுக்குப் பின் வாங்கப்படும் சத்தியத்தை வெறும் சடங்கு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாட்டுப்புற இசை திரும்பி வருகிறது என்றதும் அது தானாகவே நம் பக்கம் வந்து நிற்கும் என்று நம் தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். மண்ணின் இசை, மக்கள் இசை என்கிறோம். மண்ணில் சாதியும்தானே விளைகிறது? ஒரு பக்கம் அடித்தவர் பெயரை அழித்துவிட்டு இசையை எடுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கம் இசையின் மேல் சாதியின் பெயரைப் பெரிதாக எழுதுகிறார்கள். நடுவில், பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஷிப்டு முடிந்து பேருந்துக்கு நிற்கிறார்கள்.

சரி, என்ன செய்வது? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. மூன்று சின்ன விஷயங்கள் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்று கொஞ்சம் கசக்கும்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை வரை எல்லாருக்கும் பெயர் இருக்கும். மேலே முதல் வரியில் 'பறையிசை முழக்கத்துடன்' என்று இருக்கும். முழங்குவது யார்? மிஞ்சிப் போனால் 'கலைக்குழுவினர்'. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க நாட்களில் கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில் நடந்ததை நாம் அடிக்கடி பெருமையாகச் சொல்வோம். நாதசுரம் வாசித்த மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்தார். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கக் கூடாது என்று பட்டுக்கோட்டை அழகிரி நின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. இந்தச் சம்பவம் நமக்குத் தெரிவதற்கே காரணம், வாசித்தவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள் என்பதுதான். 'ஒரு நாதசுரக் கலைஞர்' என்று சொல்லி விட்டிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த துண்டறிக்கையில் பெயர் வர வேண்டும், வாகனச் செலவு போகக் கூலியும் தர வேண்டும். 'இயக்கத்துக்காக' என்று சொல்லி இலவசமாக அடிக்கச் சொல்வது பழைய ஊர்க்கட்டளைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது, சமுதாய வானொலி. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம். நூறு வாட் அலைபரப்பி, சுற்றுவட்டாரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். திருப்பூருக்கு அது போதும். டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் 2009 முதல் 'குர்கான் கி ஆவாஸ்' என்றொரு சமுதாய வானொலி இயங்கியது. அங்கேயும் உத்யோக் விகார் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்பேட்டை, அங்கேயும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த தையல்காரர்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டைத் தாங்களே பாடினார்கள், உள்ளூர்க்காரர்கள் அதைக் கேட்டார்கள். ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற நம் ஊரில் தமிழும் ஒடியாவும் போஜ்புரியும் பேசும் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு மைக் இல்லை. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பயந்து ரயிலேறிப் போனார்கள். அன்று அவர்கள் மொழியில் அவர்கள் குரலிலேயே பேசும் ஓர் அலைவரிசை இங்கே இருந்திருந்தால் எவ்வளவோ பேர் நின்றிருப்பார்கள். சமுதாய வானொலியில் செய்தி வாசிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பாடுவதற்கு இல்லை.

மூன்றாவது, இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு. உங்கள் எல்லார் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. பாட்டிகளிடம், அத்தைகளிடம் போங்கள். பதிவு செய்யும்போது பாட்டுக்கு முன்னால் அவர்களையே பெயர், ஊர், யாரிடம் கற்றார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அது ஒலியிலேயே இருக்கட்டும், தனிக் குறிப்பாக எழுதினால் தொலைந்துவிடும். வெளியிடுவதற்கு முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள். அந்த மெர்ச்சண்டைசிங் தோழர் சொன்ன 'மாட்டேன்' நினைவிருக்கட்டும்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தோழர் சீட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்து ஐந்து பேர் பாடப் போகிறார்கள். இரண்டு பேர் இங்கே முருகம்பாளையத்தில் பவர் டேபிளில் தைப்பவர்கள், ஒருவர் செக்கிங், இரண்டு பேர் சம்பல்பூரிலிருந்து வந்தவர்கள். அவர்களை அறிமுகப்படுத்தச் சொல்லி என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் படிக்கப் போவதில்லை. மைக்கை அவர்களிடம் கொடுக்கிறேன், பெயரை அவர்களே சொல்வார்கள்.